கழுவாமல் ஏற்றிய பேசின்

நீங்கள் இன்று ஓட்டுகிற மூன்று வண்டிகளும் நான் வாங்கிய ஒரு பழைய வேனின் பிள்ளைகள். பாலாவிச் சந்தியில் அவை நிற்கிற தகரக் கொட்டில் நான் போட்டது. வண்டியில் ஒரு பெண் உதவியாளர் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற சட்டம் நான் வைத்தது. ரத்தம் உறையாத நோயுள்ள பெண்களை மாதத்தில் ஒரு நாள் கற்பிட்டியிலும் கரைத்தீவிலும் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போகிற ஓட்டம் நான் தொடங்கியது. செய்தவன் யார்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தொண்ணூறில் எங்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து ஒரு சாரனோடும் ஒரு போத்தல் தண்ணீரோடும் வந்து கற்பிட்டிக் கரையில் தோணியை விட்டு இறங்கியவன். மீன் லொறியில் ஐஸ் உடைத்தவன். படித்தவர்கள் செய்யாததை நான் செய்தேன் என்று பெருமை பேச வரவில்லை. ஆனால் அவர்கள் செய்யவில்லை என்பதும் உண்மைதான்.

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஒட்சிசன் சிலிண்டரை எப்படித் திறப்பது, ஸ்ட்ரெச்சரை எப்படிப் பிடிப்பது என்பதைப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதற்கெல்லாம் நான் தேவையில்லை. எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்பதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. அதற்குத்தான் நான் வந்திருக்கிறேன். ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அவள் பெயரை மாற்றி, பரீதா என்று வைத்துக்கொள்வோம். பெயர் ஒன்றைத் தவிர மற்ற எதையும் மாற்றவில்லை.

யுத்தம் முடிந்து மன்னார்ப் பாதை திறந்திருந்த காலம். திரும்பிப் போவதா, இங்கேயே இருப்பதா என்று எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கதைக்கவில்லை. வேனை வாங்கி, பின் கதிரைகளைக் கழற்றிவிட்டு, ஆட்கள் படுக்கிற மாதிரி ஒரு நீளக் கதிரையைப் பொருத்தி, கறுப்பு ரெக்சின் அடித்து, நோயாளி வண்டி என்று ஓடத் தொடங்கினேன். அரசாங்கத்தின் இலவச அம்புலன்ஸ் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் நான் வேன் நானா.

பரீதாவின் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், பரீதா இளையவள். மூத்தவள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்து இரண்டாவது கிழமை, மயக்கம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். வாசலில் நின்றேன். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம். எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும். பெண்ணை அழுக்கோடு வெளியே எடுக்கமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் குளிப்பாட்டி, புதிது உடுத்தி, துணிகளைக் கழுவிக் காயப்போட்டு, நிலத்தையும் துடைத்துவிட்டுத்தான் போவார்கள். வேற்று ஆண்கள் பார்க்கிற இடமல்லவா. அன்றைக்கும் அப்படித்தான். அந்தப் பிள்ளை கறுப்பு அபாயாவோடு, அத்தர் வாசத்தோடு, தாயின் தோளைப் பிடித்தபடி நடந்து வந்து ஏறினாள். ஆஸ்பத்திரியில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கேட்டவர்களிடம் கொஞ்சம் தலைச்சுற்று என்று மட்டும் சொன்னாள். கறுப்புத் துணியில் எது தெரியும்? தெரிந்தபோது நேரம் போய்விட்டது. அஸர் தொழுகைக்கு முன்பே உயிர் போய் மவுத்தாகிவிட்டாள்.

அப்போது ஒரு நர்ஸ் வெளியே வந்தார். சிலாபம் பக்கத்துச் சிங்களப் பெண். மீன்பிடிக் கரையில் வளர்ந்ததால் எங்கள் தமிழை எங்களைப் போலவே கதைப்பார். நாங்கள் மிஸ் என்போம். மிஸ் நேராக வேனுக்குள் ஏறி, கறுப்பு ரெக்சினில் உள்ளங்கையை வைத்து ஒரு முறை இழுத்தார். கையைத் திருப்பிக் காட்டினார். முழுக்கச் சிவப்பு.

"கழுவிட்டா கொண்டு வந்தாங்க?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

"கழுவினா எங்களுக்கு எப்படி நானா தெரியும்? எவ்வளவு போச்சு எண்டு அந்தத் துணிதானே சொல்லும்."

இது என் பிழை என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் மறுநாளே அந்தக் கறுப்புக் கதிரைக்கு மேலே வெள்ளை விரிப்புப் போட்டேன். பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட அப்போது எல்லா வண்டியிலும் அது இல்லை. பிணத்துக்குச் சுற்றுகிற மய்யித்துத் துணி மாதிரி இருக்கிறதே என்று சிலர் முகம் சுளித்தார்கள். இருக்கட்டும் என்றேன். வாயால் சொல்ல முடியாததை அந்த விரிப்புச் சொல்லும். நீங்கள் இன்றைக்கும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாற்றுகிற வெள்ளை விரிப்பு அப்படி வந்ததுதான்.

அன்று மிஸ் இன்னொரு கேள்வியும் கேட்டார். மவுத்தானவளுக்குத் தங்கச்சி இருக்கிறாளா என்று. இருந்தால் கல்யாணத்துக்கு முன் கூட்டிக்கொண்டு வா என்றார். நான் ஏன் என்று கேட்டேன். ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு சத்துச் சில குடும்பங்களில் பிறப்பிலேயே குறைவாக இருக்கும், தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம் என்று விளங்கப்படுத்தினார். பிறகு அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை:

"ஆம்பிளைக்கு எண்டா வெட்டுக் காயம் பட்டாத்தான் தெரியும். பொம்பளைக்கு மாசா மாசம் தெரியும். ஆனா மாசா மாசம் வாறத யாரும் நோய் எண்டு சொல்ல மாட்டாங்க."

நாற்பதாம் நாள் முடிந்து துக்கம் கொஞ்சம் ஆறிய பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். பரீதாவின் உம்மா ஒத்துக்கொள்ளவில்லை. எங்கட பக்கம் ரத்தம் கூடின ஆக்கள், என்ட உம்மாக்கும் இப்படித்தான், எனக்கும் இப்படித்தான் என்று ஏதோ சொத்துப் பத்திரம் காட்டுவது போலச் சொன்னார். மாதத்தில் ஒன்பது, பத்து நாள் போவதை அந்த வீட்டுப் பெண்கள் உடம்பின் பலம் என்று நினைத்திருந்தார்கள். பிறகு உண்மையான பயம் வெளியே வந்தது. டெஸ்ட் எடுத்தால் ஊருக்குத் தெரியும். தெரிந்தால் பரீதாவுக்கு மாப்பிள்ளை வராது.

பல்லுக் காட்டப் போகிறாள் என்று சொல்லுங்கள், என் வண்டி பல்லுக்கும் போகும் என்றேன். யாரிடமும் வாய் திறக்கமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன். அப்படித்தான் பரீதா கிளினிக்குக்குப் போகத் தொடங்கினாள். மிஸ் நினைத்ததுதான் கொழும்பிலிருந்து முடிவாக வந்தது. அக்காவுக்கு இருந்ததே தங்கச்சிக்கும். நாலைந்து ஓட்டத்துக்குப் பிறகு ஒரு நாள் பரீதா பின்னாலிருந்து சொன்னாள்:

"வேன் நானா, இனியும் பல்லுக் காட்டப் போனா என்ட வாயில பல்லே இல்லண்டு ஊரில நினைப்பாங்க."

நோய் என்று தெரிந்த பிறகும் சிரிக்கத் தெரிந்த பிள்ளை. அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு அவளே உண்மையைச் சொன்னாள். அவன் நல்லவன், கட்டாரில் வேலை. மாமியாருக்கு மட்டும் சொல்ல வேண்டாம், அவ நாலு தெருவுக்கு நியாயம் பேசுகிற ஆள், வீட்டை விட்டு அனுப்பிவிடுவா என்று இரண்டு பக்கமும் பயந்தார்கள். பிள்ளை பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண் பிள்ளை. மருந்து தயாராக இருந்தது, ஒரு குறையும் வரவில்லை. பிரசரால் கூடுதல் நாள் வைத்திருக்கிறார்கள் என்று மாமியாரிடம் சொன்னார்கள்.

வீட்டுக்குக் கூட்டி வருகிற அன்று மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அந்தச் சத்துத் தானாகவே கூடுமாம், பெற்ற பிறகு மளமளவென்று இறங்குமாம். எல்லாரும் நிம்மதியாகிற நேரம்தான் இவளுக்குப் பயமான நேரம் என்றார். மருந்துக் குளிசையை விடாமல் போடச் சொன்னார். போட்டாளா? மாமியாருக்கு முன்னால் எதற்கு இத்தனை குளிசை என்ற கேள்வி வரும். ஒளித்து ஒளித்துப் போட்டவள் ஒரு நாள் நிறுத்திவிட்டாள்.

அது தலவிலத் தேவாலயத் திருவிழாக் காலம். வெள்ளிக்கிழமை. நான் ஜும்ஆத் தொழுகைக்குக் கை கால் கழுவி உளூச் செய்து கொண்டிருந்தபோது போன் வந்தது. பரீதாவின் புருஷனின் தங்கச்சி. மதினி கிணற்றடியில் விழுந்துவிட்டா, உம்மா வெயில் என்று சொல்கிறா, வண்டி வருமா என்று கேட்டாள். உளூவோடேயே புறப்பட்டேன்.

அந்த வீட்டுக்கு ஓலைவேலி. நான் படலையில் நின்று குரல் கொடுத்தேன். ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில்.

மாமியார் உள்ளேயிருந்து சொன்னார்: "கொஞ்சம் இருங்க நானா, பிள்ளைய உடுப்பாட்டிட்டு வாறம். இந்தக் கோலத்தில எப்படி வெளிய எடுக்கிற?"

அதோடு தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் இன்னொரு வாசலில் கேட்டிருக்கிறேன்.

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எவ்வளவு போயிருக்கிறது? பிள்ளை பெற்று நாற்பது நாளுக்குள் இருக்கிற பெண்ணைப் பற்றி, அந்த வீட்டின் மாமியாரிடம், படலையில் நிற்கிற ஓர் ஆண் கேட்கக்கூடிய கேள்வியா அது? கேட்டேன். அது ஆம்பிளையள் கேக்கிற கதையில்லை, பிள்ளைப் பெத்த வீட்டில எல்லாம் இருக்கும்தானே என்று பதில் வந்தது. போனில் மிஸ்ஸுக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

"நானா, கதைச்சு வேலையில்ல. துணியப் பாருங்க. கழுவ விடாதீங்க."

நான் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இத்தனை வருஷத்தில் அழைக்காமல் நான் தாண்டிய ஒரே படலை அது. கிணற்றடியில் ஒரு பெரிய நீலப் பேசின். துணி ஊற வைக்கிற பிளாஸ்டிக் பேசின். அதில் குவியலாகத் துணிகள். தங்கச்சிக்காரி வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பரீதா சுவரோடு சாய்ந்து கிடந்தாள். பாதி உடுத்தியிருந்த கறுப்பு அபாயாவுக்கு மேலே முகம் மாவுபோல இருந்தது. மாமியார் எனக்கு முன்னால் வந்து நின்றார், பேசினை மறைத்துக்கொண்டு.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். நான் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். வாயைத் திறந்தால் பரீதாவுக்கு அந்த வீடு இல்லாமல் போகலாம். திறக்காவிட்டால் வீடு இருக்கும், பரீதா இருக்கமாட்டாள். இந்தக் கணக்குக்கு ஐந்தாம் வகுப்புப் போதும்.

"ராத்தா," என்றேன், "பரீதாக்குப் பல்லு வருத்தம் எண்டு ஒண்டும் இருந்ததில்ல. அவட ரத்தம் உறையுறல்ல. பிறப்பிலயே அப்படி. அவட ராத்தா மவுத்தானதும் இதாலதான். அண்டைக்கும் நான்தான் ஏத்தினேன். அண்டைக்கும் கழுவித்தான் தந்தாங்க."

மாமியார் என்னைப் பார்த்தார். பரீதாவைப் பார்த்தார். பரீதா கண்ணைத் திறக்காமலேயே தலையை அசைத்தாள், ஓம் என்று. தங்கச்சிக்காரி என்ன செய்வதென்று தெரியாமல் வாளியைச் சரிக்கப் போனாள்.

"ஊத்தாத," என்றார் மாமியார். "வைய்யி வாளிய."

பிறகு அவர் நடந்துகொண்டதை என்னால் எதிர்பார்க்க முடியவில்லை. குசினிக்குள் போய்ச் சகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். விருந்தில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டு அது. அந்த வீட்டில் அதை யாரும் கால்மாட்டில்கூட வைக்கமாட்டார்கள். அதால் பேசினை மூடினார். "பேசினோட கொண்டு போங்க. யாரும் பாக்கக் கூடாது, டாக்டர் மட்டும் பாக்கட்டும்" என்றார். நான் பேசினைத் தூக்கி முன் கதிரைக்குக் கீழே வைத்தேன். இரண்டு பெண்களும் பரீதாவைத் தூக்கி வெள்ளை விரிப்பில் கிடத்தினார்கள். மாமியார் கைக்குழந்தையோடு வீட்டில் நின்றார். தங்கச்சிக்காரி என்னோடு வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரே ஓட்டமாக ஓடுவது என்பதுதான் என் எண்ணம். என் வேகத்துக்கு அந்தப் பாதையில் பெயர் இருந்தது. ஆனால் தலவிலத் திருப்பத்துக்கு முன்பே பஸ்கள் வரிசையாக நின்றன. சனம் பாயும் சட்டிமுட்டியுமாகத் தெருவை நிறைத்திருந்தது. சனத்தை ஒழுங்குபடுத்த விசிலோடு நின்றவன், நான் ஐஸ் உடைத்த காலத்துக் கூட்டாளி. கத்தோலிக்க மீனவன்.

"என்ன நானா, இண்டைக்கு ஜும்ஆ இல்லையா?" என்று கேலியாகத்தான் தொடங்கினான். பின்னால் எட்டிப் பார்த்தான். விசிலை ஊதிக்கொண்டு முன்னால் ஓடினான். பஸ்கள் மணலில் இறங்கின. எங்களுக்கு ஒரு கோடு திறந்தது.

கூட்டத்தைக் கடந்து அக்ஸிலேட்டரை மிதிக்கும்போது தங்கச்சிக்காரி பின்னாலிருந்து சொன்னாள்: "நானா, விரிப்பு நனையுது."

கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளையில் சிவப்பு, என் இரண்டு கை அகலத்துக்கு. பெரிய ஆஸ்பத்திரி இன்னும் தூரம். வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே அவளுடைய மருந்து இல்லை என்று எனக்குத் தெரியும். மருந்து இல்லாத இடத்தில் நிற்பது நேரத்தை வீணாக்குவது என்று எந்தச் சாரதிக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மருந்து இருக்கிற இடத்துக்கு மருந்து ஏற்றுவதற்கு ஓர் ஆள் உயிரோடு போய்ச் சேர வேண்டும் அல்லவா? ஓடுவதற்குத் தைரியம் வேண்டாம், இளம் பிள்ளைகள் எல்லாரும் ஓடுவார்கள். நிற்பதற்குத்தான் தைரியம் வேண்டும். வண்டியைத் திருப்பி உள்ளே விட்டேன்.

அங்கே ஓர் இளம் டாக்டர். சாப்பாட்டுப் பார்சலைத் திறந்த கையோடு வந்தார். பரீதா சுத்தமான முகத்தோடு கிடந்தாள், பாதி கழுவியாகிவிட்டதே. அவர் நாடியைப் பிடிக்கும்போதே நான் பேசினைத் தூக்கி அவருக்கு முன்னால் வைத்துச் சகனை எடுத்தேன்.

அவர் பார்த்தார். "எப்பயிருந்து இது?" என்று மட்டும் கேட்டார்.

"விடிய சுபஹுத் தொழுகைக்குப் பிறகு," என்றாள் தங்கச்சிக்காரி.

டாக்டர் அவளுடைய இரண்டு கையிலும் சேலைன் ஏற்றினார். ரத்தக் கசிவைக் குறைக்கிற ஊசி ஒன்று அவரிடம் இருந்தது, அதையும் போட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனில் சொன்னார், நோயின் பெயரை நான் சொல்ல அவர் திருத்திச் சொன்னார். தன் நர்ஸ் ஒருவரை வண்டியில் ஏற்றி அனுப்பினார். படிப்பு அவருடையது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவருக்கு வேண்டியது பார்ப்பதற்கு ஒரு பொருள். அதை நான் கொண்டு போனேன்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் மிஸ் ஸ்ட்ரெச்சரோடு நின்றார். மருந்தும் ரத்தமும் மேலே தயாராக இருந்தன. கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரலாம் என்று முதலில் சொன்னார்கள். எடுக்கவில்லை. பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகு மிஸ் வெளியே வந்து என்னைப் பார்த்து, "விரிப்ப மாத்துங்க நானா, அடுத்த ஆளுக்கு" என்றார். அவருடைய பாஷையில் அது நல்ல செய்தி. ஜும்ஆவை விட்டவன் அன்று தவறிப்போன ளுஹரையும் அஸரையும் மஃரிபோடு ஆஸ்பத்திரித் தோட்டத்தில் தொழுதேன்.

வீடு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மாமியார் மூன்றாம் நாள் வார்டுக்கு வந்தார். பரீதா அழத் தொடங்கினாள். மாமியார் கட்டிலில் உட்கார்ந்து, குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"மறைச்சது நீயில்ல. ஒங்கட உம்மா. அவவோட எனக்குக் கதை இருக்கு. ஒன்னோட இல்ல."

அந்தக் கதை நாலு தெருவுக்குக் கேட்டது, உண்மைதான். ஆனால் பரீதா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். குளிசையை மாமியாரே கையில் வைத்துக்கொண்டு கொடுக்கிறார். குழந்தைக்கு டெஸ்ட் எடுக்கிற வயது வந்ததும் அவரே தூக்கிக்கொண்டு என் வண்டியில் ஏறினார். படலையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்கச் சத்தமாகச் சொன்னார்: "பல்லுக் காட்ட இல்ல நானா, ரத்தம் பாக்க."

அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாரும் பல்லைச் சாட்டுச் சொல்லவில்லை. மாதாந்த ஓட்டத்துக்கு முதலில் மூன்று பெண்கள், பிறகு வண்டி நிறைய. பெண் உதவியாளர் சட்டத்தையும் அதற்குப் பிறகுதான் வைத்தேன். இனி எந்தச் சாரதியும் படலையில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையில்லை. உதவியாளராகச் சேர்ந்திருக்கிற மகள்மாரே, நீங்கள் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். முதல் கேள்வி எவ்வளவு போனது. இரண்டாவது, உங்கள் உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் எப்படி. வாக்குக் கொடுப்பதானால் உயிர் இருக்கும்வரை என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டு கொடுங்கள்.

இப்போது கிளினிக் சுவரில் பெரிய படம் ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது: துணிகளைக் கழுவ வேண்டாம், அப்படியே மூடிக் கொண்டு வாருங்கள். கீழே ஒரு குழுவின் பெயர். திறப்பு விழாவில் பேசியவர் அந்த யோசனை ஒரு சாரதியிடமிருந்து வந்தது என்றார். ஒரு சாரதி. எனக்குப் பெயர் இல்லையா? மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். அவர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டாராம். நல்லது, அவர் சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லை.

இதைப் பரீதாவின் மாமியாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். சகனைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன், அவர் அதை எடுக்கவில்லை, வண்டியிலேயே இருக்கட்டும் என்றார். பேசினைப் பற்றித்தான் இன்றைக்கும் கேட்கிறார்.

"பேசின் என்டது. சகனும் என்டது. பேர் மட்டும் ஒங்களுக்கா?"

நியாயமான கேள்வி. ஆகவே அந்தப் படத்தை அடுத்த முறை அச்சடிக்கிறவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள். பேசினும் சகனும் அவருடையவை என்று போடட்டும். கேட்ட கேள்வி மிஸ்ஸுடையது, மருத்துவம் டாக்டருடையது. படலையைத் தள்ளி உள்ளே போய் அந்தப் பேசினைத் தூக்கி வண்டியில் ஏற்றியவன் நான். அதை என் முழுப் பெயரோடு எழுதட்டும்.